ஓம் ஷின்ரிக்கியோ குழு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டில் எங்கள் ஐந்து பேர் குழு, 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷம் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மத அமைப்பைப் பற்றி ஆய்வு செய்தது. வாய்மொழித் தேர்வு முடிந்து மாதக்கணக்கில் ஆகியும் கேள்விகள் நின்றபாடில்லை. ஜூனியர்கள் கேட்கிறார்கள். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா கேட்கிறார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டுவதற்குள் சித்தப்பா மூன்று கேள்வி கேட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

யார் யார் செய்தீர்கள்?

நான் குடவாசல் பக்கம். மற்ற நால்வரில் கும்பகோணத்துப் பையன் ஒருவன், வேதாரண்யத்துப் பையன் ஒருவன், மன்னார்குடிப் பெண் ஒருத்தி, நீடாமங்கலத்திலிருந்து வரும் அதிகம் பேசாத பையன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாரூர் கமலாலயக் குளத்துப் படிக்கட்டில் கூடுவோம். குழுத் தலைவி நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

நம்ம ஊரிலேயே ஆராய எவ்வளவோ இருக்க, ஜப்பானுக்கு ஏன் போனீர்கள்?

நாங்கள் போகவில்லை, துரத்தப்பட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். சார் கொடுத்த தலைப்பு "ஒரு தீவிரவாத அமைப்பின் வளர்ச்சியும் வீழ்ச்சியும்". எதை எடுப்பது என்று முதல் கூட்டத்திலேயே சண்டை. ஒருவன் விடுதலைப் புலிகள் என்றான். வேதாரண்யத்துப் பையனுக்கு முகம் மாறிவிட்டது. 1980களில் படகில் வந்துபோனவர்களை அவன் தாத்தா இன்றும் "பசங்க" என்றுதான் சொல்வாராம். கும்பகோணத்துப் பையனின் அப்பாவுக்கோ 1991 ஸ்ரீபெரும்புதூருக்கு அப்புறம் அந்தப் பேச்சே ஆகாது. 1992இல் இந்திய அரசு தடை செய்த அமைப்பு என்பது பதிவில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஐந்து பேருக்குள் அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போனது. போராளி, தீவிரவாதி, பயங்கரவாதி என்று மூன்று சொல் வந்தது. செய்தித்தாள்கள் இவற்றை மாற்றி மாற்றிப் போடுகின்றன, நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல உங்க சாதி, கட்சி, கடல் எதுவும் படாத இடத்துல பார்த்துப் பழகுங்க. கண்ணு பழகினப்புறம் ஊருக்கு வரலாம்" என்றார். அன்று எனக்கு அது தப்பித்துக்கொள்ளும் பேச்சாகத்தான் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அந்த அமைப்பு என்னதான் செய்தது?

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை எட்டு மணி வாக்கில், டோக்கியோ சுரங்க ரயிலில் மூன்று தடங்களில் சாரின் என்ற நச்சுப் பொருளைப் பரப்பினார்கள். ஐந்து பேர், ஐந்து ரயில்கள், செய்தித்தாளில் சுற்றிய 11 பிளாஸ்டிக் பைகள். கூராக்கிய குடைநுனியால் பைகளைக் குத்திவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். ஐந்து ரயில்களும் அரசு அலுவலகங்கள் இருக்கும் கசுமிகசெகி நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவை.

அதற்கு முன்பே கொலைகள் உண்டு. 1989 நவம்பரில் சகமோட்டோ என்ற வழக்கறிஞரையும் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் வீடு புகுந்து கொன்றார்கள். 1994 ஜூன் 27 இரவு மட்சுமோட்டோ நகரத்தில் குடியிருப்புப் பகுதியிலேயே சாரினைப் பரப்பினார்கள். அங்கே ஒரு நில வழக்கு அவர்களுக்குப் பாதகமாகப் போகும் போலிருந்தது. நீதிபதிகள் தங்கும் குடியிருப்பு அந்தத் தெருவில்தான்.

தலைவர் பெயர் ஷோகோ அசஹாரா. பிறப்பில் வைத்த பெயர் வேறு. பார்வை பெரும்பாலும் இல்லாதவர். முன்பு மருந்துக்கடை நடத்தி, அனுமதியில்லாத மருந்து விற்றதற்காக 1982இல் கைதானவர். 1984இல் டோக்கியோவில் ஒரு சிறிய யோகா வகுப்பாகத் தொடங்கினார். 1987இல் ஓம் ஷின்ரிக்கியோ என்று பெயர் மாறியது. 1989இல் அரசு அதை மத நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டது. 1990 பொதுத் தேர்தலில் 25 பேரை நிறுத்தினார்கள், அத்தனை பேரும் தோற்றார்கள். ரயில் தாக்குதலின்போது ஜப்பானில் சுமார் 10,000 பேர் உறுப்பினர்கள்.

"ஓம்" என்று பெயர், சிவன் வழிபாடு வேறு. அப்படியானால் இந்து அமைப்பா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரையும்விட அதிகமாக எங்கள் அப்பாயி கேட்டார். பதில்: இல்லை. யோகா, திபெத்திய பௌத்தம், சிவன், பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் உலக அழிவுப் போர், நோஸ்ட்ரடாமஸ் என்று கிடைத்ததையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது அது. அசஹாரா 1986இல் இமயமலைக்கு வந்து ஞானம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டார். தலாய் லாமாவுடன் எடுத்துக்கொண்ட படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார். நம்ம ஊர்த் திருமண மண்டபத்தில் அமைச்சரோடு எடுத்த படத்தை ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்களை உலுக்கியது அங்கே புழங்கிய சொற்கள். "ஷின்ரிக்கியோ" என்றால் உண்மையின் போதனை. துறவு பூண்டவர்களுக்குச் சமஸ்கிருதப் பெயர் வைத்தார்கள். ரயிலில் பையைக் குத்திய மருத்துவரின் ஆசிரமப் பெயர் கிருஷ்ணானந்தா. உடையில் குத்திக்கொள்ளும் சின்னத்துக்குப் பெயர் புருஷா. மலிவு விலையில் கம்ப்யூட்டர் விற்ற அவர்களின் கடை மகாபோஷா. சாரின் தயாரித்த கட்டடம் ஏழாம் சத்தியம். சத்தியம்! ஜப்பானிய வாயில் அது "சத்தியான்" ஆகியிருந்தது. சோதனைக்கு வருபவர்களிடமிருந்து இயந்திரங்களை மறைக்க முன்னால் ஒரு பெரிய சிவன் முகத்தைத் தெர்மாகோலில் செய்து வைத்திருந்தார்களாம்.

இன்னொரு சொல் "போவா". திபெத்திய பௌத்தத்தில் அது இறக்கும் உயிரை மேலான நிலைக்கு அனுப்பும் சடங்கு. இவர்கள் கையில் அது கொலைக்கு மாற்றுப் பெயரானது. பாவம் செய்துகொண்டே போகிறவனைக் கொன்றால் அவனுக்கு நல்லதுதானே, அவன் கணக்கு மேலும் ஏறாமல் காப்பாற்றினோமே என்கிற வாதம். இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மூளையைக் கசக்கி, கடைசியில் "மோட்சம் கொடுப்பது" என்று எழுதினோம். அப்பாயியிடம் படித்துக் காட்டியபோது கோபம் வந்துவிட்டது. "ஆரூர்ல பொறந்தாலே முத்தி. மோட்சம் குடுக்க இவன் யாருடி? அதுவும் சொத்தை எழுதி வாங்கிக்கிட்டு?" சொத்து விஷயத்தில் அப்பாயி சொன்னது சரி. துறவியாகச் சேருகிறவர் கையிலிருப்பதை எல்லாம் அமைப்புக்குக் கொடுத்துவிட வேண்டும்.

படித்தவர்கள் எப்படி இதில் போய் விழுந்தார்கள்?

பந்தியில் சித்தப்பா கேட்டது இதுதான். ஆய்வைத் தொடங்கும்போது நாங்களும் இதையேதான் கேட்டோம். ரயிலில் பை குத்திய ஐந்து பேரில் ஒருவர் இதய அறுவை மருத்துவர், மற்ற நால்வரும் அறிவியலும் தொழில்நுட்பமும் கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் டோக்கியோ பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்.

இந்தக் கேள்விக்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது. படிப்பு என்பது தடுப்பூசி மாதிரி, ஒரு தடவை போட்டுக்கொண்டால் அப்புறம் எதுவும் அண்டாது என்கிற நினைப்பு. அந்த மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனித்தும் சிலரைக் காப்பாற்ற முடியாமல் போனதில் மனம் உடைந்து, மரணம் என்றால் என்ன என்று தேடிப் போனவர். சோம்பேறி அல்ல, முட்டாள் அல்ல. அவருடைய படிப்புதான் அந்தக் கேள்வியை அவருக்குள் கிளப்பிவிட்டது. பதிலைப் படிப்பு கொடுக்கவில்லை, பதில் தெரியும் என்று சொன்னவர் பின்னால் போனார்.

அங்கே யாரும் முதல் நாளே "வா, ரயிலில் விஷம் வைப்போம்" என்று கூப்பிடுவதில்லை. முதலில் முதுகுவலிக்கு யோகா. அடுத்து ஒரு புத்தகம், அப்புறம் வார இறுதி வகுப்பு. வகுப்பில் உண்மையிலேயே உடம்பு லேசாகிறது, தூக்கம் நன்றாக வருகிறது, ஆகவே மேலே போனால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. பிறகு காசு, பிறகு வேலையை விடு, பிறகு அம்மா அப்பாவிடம் பேசாதே, குறைவாகத் தூங்கு, குறைவாகச் சாப்பிடு. ஒவ்வொரு படியும் முந்தைய படிக்குக் கொஞ்சம்தான் மேலே. கமலாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து இதைப் பேசியதாலோ என்னவோ, எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. குளத்தில் இறங்குகிறவன் ஒவ்வொரு படியிலும் கணுக்கால் உயரம்தான் இறங்குகிறான், பாசி எந்தப் படியில் ஆரம்பிக்கிறது என்பது கால் வழுக்கிய பிறகுதான் தெரியும்.

அதனால் பாதி வழியில் கேள்வியை மாற்றினோம். ஏன் சேர்ந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, ஏன் திரும்பி வர முடியவில்லை என்று கேட்டுப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் ஆய்வு நகர்ந்தது. வெளியே வருவது ஆபத்தாகவும் இருந்தது. ஒரு பெண் தப்பித்து ஒளிந்துகொண்டார். அவரைத் தேடி அவர் அண்ணனை 1995 பிப்ரவரியில் டோக்கியோ தெருவில் வைத்துக் கடத்தினார்கள், அவர் திரும்பவே இல்லை. அந்த வழக்கில் போலீஸ் நெருங்கி வந்ததுதான் மார்ச் 20 தாக்குதலுக்கு உடனடிக் காரணம். சோதனையைத் திசைதிருப்ப நினைத்தார்கள். இரண்டே நாளில் போலீஸ் உள்ளே நுழைந்துவிட்டது.

சாரினுக்கும் நம்ம பூச்சிமருந்துக்கும் தொடர்பு உண்டு என்று பேசினீர்களாமே?

உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, மன்னார்குடித் தோழியின் அம்மா. அரசு மருத்துவமனையில் செவிலியர். ஒரு நாள் அவர் வீட்டில், சுரங்க ரயிலில் இருந்தவர்களின் அறிகுறிகளைப் படித்துக்கொண்டிருந்தோம். கண் இருட்டுகிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது, மூக்கும் வாயும் ஒழுகுகின்றன, மூச்சு திணறுகிறது. சமையலறையிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, "இது மருந்து குடிச்ச கேஸ்தானே? அட்ரோபின் போட்டாங்களா?" என்றார்.

சரியாகச் சொன்னார். வயலுக்கு அடிக்கும் பல பூச்சிமருந்துகளும் சாரினும் ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே குடும்பம். நரம்பு தசைக்கு அனுப்பும் சைகையை நிறுத்தும் நொதியை அவை முடக்கிவிடுகின்றன. சைகை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், தசை ஓயாது, கடைசியில் மூச்சு நின்றுபோகும். சாரினின் வேகமும் வீரியமும்தான் பல மடங்கு. விஷத்தை முறிக்கும் மருந்து அதே அட்ரோபினும் பாம் என்ற ஊசியும். டெல்டாவில் நெல் விளையும் ஊர் மருத்துவமனைகளில் இவற்றைக் கேள்விப்படாத செவிலியர் இருக்க முடியாது. டோக்கியோவில் அன்று பாம் ஊசி போதாமல், வழியிலுள்ள ஊர்களில் இருந்த கையிருப்பையெல்லாம் திரட்டிப் புல்லட் ரயிலில் கொண்டுவந்தார்கள். இது சாரினாக இருக்கலாம் என்று தொலைபேசியில் சொன்னவர், முந்தைய ஆண்டு மட்சுமோட்டோவில் சிகிச்சை செய்த மருத்துவர். தொலைக்காட்சியில் நோயாளிகளைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

செயின்ட் லூக் என்ற ஒரே மருத்துவமனைக்கு முதல் நாள் மட்டும் 640 பேர் வந்தார்கள். அந்தக் கட்டடத்தில் தாழ்வாரத்திலும் பிரார்த்தனைக் கூடத்திலும்கூட ஆக்சிஜன் குழாய் போட்டிருந்தார்கள். போர்க்கால குண்டுவீச்சைப் பார்த்த ஒரு மூத்த மருத்துவர் பிடிவாதம் பிடித்துச் செய்யவைத்தது. அப்படியும் ஒன்று தவறியது. நோயாளிகளின் துணியில் ஒட்டியிருந்த நஞ்சு பட்டு அங்கிருந்த ஊழியர்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அறிகுறி வந்தது. இதைப் படித்ததும் தோழியின் அம்மா உச்சுக்கொட்டினார். "முதல்ல சட்டையக் கழட்டிப் போடணும். உடம்ப சோப்பு போட்டுக் கழுவி விட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்." எங்கள் அறிக்கையில் ஆங்கில ஆதாரங்களைவிட உயிரோட்டமாக இருந்தது இந்தப் பக்கம்தான், சாரே சொன்னார்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? ஓரிடத்தில் 12, ஓரிடத்தில் 13, ஓரிடத்தில் 14 என்று இருக்கிறதே?

எங்களுக்கும் இதே தலைவலி. முதலில் யாரோ தட்டச்சில் தவறு செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதிகம் தென்பட்ட எண்ணை எடுத்துப் போட்டுவிட்டோம். பிறகுதான் புரிந்தது, பழைய கட்டுரையில் பழைய எண், புதியதில் புதிய எண்.

ரயிலில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் அன்றிலிருந்து படுத்த படுக்கை. அண்ணன் குடும்பம்தான் பார்த்துக்கொண்டது. 2020 மார்ச்சில் இறந்தார். அவரோடு சேர்த்து 14. மட்சுமோட்டோவில் 7 என்று இருந்தது, 14 ஆண்டுகள் நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண் 2008இல் இறந்தபோது 8 ஆனது. ரயிலில் காயப்பட்டவர்கள் 6,000க்கும் மேல், அவர்களில் பலருக்குக் கண் இன்றும் சரியில்லை.

1995 என்று தலைப்பில் போட்டு 1995இலேயே ஆய்வை முடித்திருந்தோம். அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினோம்.

இத்தனை நடந்தும் போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

இதற்குப் பதில் நீளம்.

வழக்கறிஞர் சகமோட்டோ, பிள்ளைகளை அமைப்பிடம் இழந்த பெற்றோருக்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவரைப் பேட்டி எடுத்தது. ஒளிபரப்பும் முன்பே அந்தப் பதிவை ஓம் ஆட்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டது. அவர்கள் கூச்சல் போட்டதும் நிகழ்ச்சியையும் நிறுத்திக்கொண்டது. காட்டிய விஷயத்தை வழக்கறிஞரிடம் யாரும் சொல்லவில்லை. சில நாளில் குடும்பமே காணாமல் போனது. வீட்டில் ஒரு புருஷா சின்னம் கிடந்தது. அப்படியும் போலீஸ் அதைக் "காணாமல் போன குடும்பம்" என்றே வைத்திருந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1995 செப்டம்பரில், மூன்று உடல்களும் மூன்று வெவ்வேறு மலைப்பகுதிகளில் தோண்டி எடுக்கப்பட்டன.

மட்சுமோட்டோவில் நடந்தது வேறு வகை. அன்று இரவு முதலில் ஆம்புலன்ஸுக்கு அழைத்தவர் யோஷியுகி கோனோ. மேலே சொன்ன, 14 ஆண்டுகள் நினைவில்லாமல் கிடந்த பெண் அவர் மனைவி. கோனோவுக்கே நஞ்சு ஏறியிருந்தது. ஆனால் அவர் வீட்டில் புகைப்படம் கழுவும் ரசாயனங்கள் இருந்தன. போதாதா? தோட்டத்துக்கு மருந்து கலக்கும்போது தவறு நடந்துவிட்டது என்று செய்தி பரவியது, பத்திரிகைகள் அவரையே குற்றவாளி ஆக்கின. மிரட்டல் கடிதங்கள் வந்தன. டோக்கியோ தாக்குதல் நடக்கும்வரை, கிட்டத்தட்ட ஒன்பது மாதம், ஊர் பார்வையில் அவர்தான் கொலைகாரர். அந்த ஒன்பது மாதத்தில்தான் உண்மையான ஆட்கள் அடுத்ததைத் திட்டமிட்டார்கள்.

இந்த இடத்தில் கும்பகோணத்துப் பையன் தங்கள் தெருக் கதை ஒன்றைச் சொன்னான். கோயில் உண்டியல் உடைந்ததற்கு, விடியற்காலையில் முதலில் பார்த்துச் சத்தம் போட்ட பால்காரரையே சந்தேகப்பட்டார்களாம். உண்மையான திருடன் சிக்கிய பிறகும் அவரிடம் பால் வாங்காதவர்கள் வாங்கவே இல்லை. கோனோ விஷயத்தில் பத்திரிகைகள் பிறகு மன்னிப்பு கேட்டன. 2002இல் அவரை அந்த மாநிலத்துப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினராகவே நியமித்தார்கள், அதாவது போலீஸை மேற்பார்க்கும் இடத்தில். வெறுப்பை வளர்த்துக்கொள்ள மறுத்தார். சிறையிலிருந்து வந்த முன்னாள் ஓம் உறுப்பினர் ஒருவர் வீடு தேடி வந்தபோது உள்ளே விட்டார், அவர் தோட்டத்தில் மரங்களைக் கத்தரிக்கவும் விட்டார். மூன்றாவது முறை படித்தபோதும் எனக்கு அது நம்ப முடியாததாகவே இருந்தது.

ஒரு சின்ன ஒட்டுச்செய்தி: கிட்டத்தட்ட 17 ஆண்டு தலைமறைவாக இருந்த ஓம் ஆள் ஒருவர் 2011 டிசம்பர் 31 இரவு சரணடையப் போலீஸ் தலைமையகத்துக்கே போனார். புத்தாண்டு விளையாட்டு என்று நினைத்து, பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பாவம், நடந்து போய் அங்கே சரணடைந்தார்.

குழுவுக்குள் சண்டை என்று கேள்விப்பட்டோமே?

யார் சொன்னது என்று தெரியும், பார்த்துக்கொள்கிறேன்.

அறிக்கையின் முதல் வரியாக நான் எழுதி வைத்திருந்தது, "இந்த அமைப்பில் சேர்ந்தவர்கள் அனைவரும் உயர்கல்வி பெற்றவர்கள்." கேட்க நன்றாக இருந்தது, அட்டைப் படம் மாதிரி. நீடாமங்கலத்துப் பையன் இரண்டாவது வாரமே அது தவறு என்று கண்டுபிடித்துவிட்டான். விஞ்ஞானிகளும் மருத்துவரும் மேல்மட்டத்தில் இருந்தார்கள், கீழே பள்ளிப் படிப்போடு நின்றவர்கள், குடும்பத்தலைவிகள், முதியவர்கள் என எல்லாரும் இருந்தார்கள். ஆனால் மூன்று வாரம் அவன் வாயைத் திறக்கவில்லை. நான் ஏற்கெனவே சாரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டிப் பாராட்டு வாங்கிவிட்டேனாம், அதைக் கெடுக்க வேண்டாம் என்றிருந்தானாம். மற்றவர்களில் இருவருக்கும் அது தெரியும். அவர்களும் சொல்லவில்லை. முந்தைய வாரம் தேதி ஒன்றைத் திருத்தியதற்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் காரணம்.

ஐந்து பேர் கல்லூரிக் குழுவை ஒரு கொலைகார அமைப்போடு ஒப்பிடுவது அதிகம்தான், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருந்த மூவரைப் பற்றி எழுதச் சொன்னால், ஜப்பானிய நீதிமன்ற வாக்குமூலங்களில் படித்த அதே வாக்கியங்கள்தான் வருகின்றன: "மற்றவர்கள் சொல்வார்கள் என்று நினைத்தேன்", "அவருக்குத் தெரியாமலா இருக்கும்". அன்று மாலை படிக்கட்டில் நல்ல சத்தம். கடலைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் எழுதியதில் ஒரு தவறாவது மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று விதி வைத்தோம். தவறில்லாத வாரம் யாரும் தேநீர் வாங்கித் தரக் கூடாது.

தண்டனை என்ன கிடைத்தது? தூக்கு சரியா?

அசஹாரா உட்பட 13 பேரை 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள். 6ஆம் தேதி ஏழு பேர், 26ஆம் தேதி ஆறு பேர். ரயிலில் பை குத்திய ஐவரில் மருத்துவருக்கு மட்டும் ஆயுள் தண்டனை. அவர் தாமாக வாக்குமூலம் கொடுத்ததால்தான் வழக்கே திறந்துகொண்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் ரயிலில் விட்ட பையைக் கையால் அப்புறப்படுத்திய நிலைய ஊழியர்கள் இருவர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

சரியா தவறா என்பதில் எங்களுக்குள் மூன்றுக்கு இரண்டு. நான் எந்தப் பக்கம் என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. அசஹாரா வழக்கில் பெரும்பகுதி வாயே திறக்காமல் போய்ச்சேர்ந்தார், ஏன் என்ற கேள்விக்குப் பதில் அவரோடு போய்விட்டது. அது எனக்கு உறுத்துகிறது.

அமைப்பு இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, வேறு பெயரில். மத நிறுவனப் பதிவு 1995 அக்டோபரில் ரத்தானது. 2000இல் ஆலெஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2007இல் அதிலிருந்து ஒரு பிரிவு தனியே போனது. முழுத் தடை விதிக்கலாமா என்று ஆராய்ந்த ஆணையம் 1997இல் வேண்டாம் என்றது. 1999இல் தனிச் சட்டம் போட்டு அன்றிலிருந்து கண்காணிக்கிறார்கள்.

ஆதாரமெல்லாம் ஆங்கிலத்தில்தானே? எப்படிச் சமாளித்தீர்கள்?

திண்டாட்டம்தான். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் "கல்ட்" (ஒரு தலைவரைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றும் குழு) என்ற சொல்லை விடாமல் "வழிபாட்டு முறை" என்று எழுதியது. "ஆபத்தான வழிபாட்டு முறை ரயிலைத் தாக்கியது" என்று ஒரு வரி! அதை இன்றும் வாட்ஸ்அப் குழுவின் பெயராக வைத்திருக்கிறோம்.

இப்படிப்பட்டதைத் தேடிப் படித்தால் போலீஸ் தொல்லை வராதா? உங்களுக்கே மனசு மாறிவிடாதா?

துறையிலிருந்து தலைப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிவைத்தோம். தயாரிப்பு முறை சம்பந்தமான எதையும் திறக்கக் கூடாது என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார், எங்களுக்கும் அது தேவைப்படவில்லை. மனசு மாறவில்லை. ஆனால் அவர்களுடைய பழைய பிரச்சார கார்ட்டூன் படங்களைப் பார்த்த அன்று அந்தப் பாட்டு இரண்டு நாள் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வீட்டில் ஒருவர் இப்படி எதிலாவது போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வது?

வலங்கைமானிலிருந்து ஓர் அம்மா இதைக் கேட்டார். மகன் ஏதோ ஒரு வகுப்புக்குப் போகிறானாம். நான் ஆலோசகர் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பேசினேன். ஜப்பானியப் பெற்றோர் 1989இல் கூடிச் சங்கம் அமைத்தபோது அவர்கள் கையில் இருந்தது கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று: பிள்ளைகள் பேச மறுத்தாலும் இவர்கள் பேசுவதை நிறுத்தவில்லை. வெளியே வந்தவர்களின் கதைகளிலும் வீட்டில் ஒரு கதவு திறந்திருந்தது அடிக்கடி வருகிறது. திட்டினால் அமைப்பு சொன்னது உண்மையாகிவிடுகிறது, "பார், உன் வீட்டார் உன்னைப் புரிந்துகொள்ள மாட்டார்கள்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

அந்த அம்மாவிடம் இரண்டே கேள்வி கேட்டேன். அங்கே நடப்பதை வீட்டில் சொல்லாதே என்கிறார்களா? நடுவில் ஒரு மாதம் போகாமல் இருந்தால் என்ன ஆகும்? மகனுடைய வகுப்பு வெறும் சிலம்ப வகுப்பு என்று பிறகு தெரிந்தது. அடிபட்டதை மறைக்கத்தான் பேசாமல் இருந்திருக்கிறான்.

மதிப்பெண் எவ்வளவு?

மோசமில்லை. நீடாமங்கலத்துப் பையனுக்கு எங்களைவிட இரண்டு கூடுதல்.

அடுத்த ஆண்டு இதே தலைப்பில் தொடர நினைக்கிறோம். குறிப்புகள் கிடைக்குமா?

துறை அலமாரியில், கீழ்த்தட்டில், பச்சை அட்டை நோட்டு. தேநீர் கொட்டிய பக்கங்கள் மட்சுமோட்டோ பகுதி, ஆனாலும் படிக்க முடியும். செவிலியர் அம்மாவின் பேச்சைப் பதிவு செய்தது என் போனில் இருக்கிறது, கேட்டால் அவர் அனுமதி வாங்கி அனுப்புகிறேன். இறந்தோர் எண்ணிக்கை உள்ள பக்கத்தை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறோம். தெளிவாக இல்லையே என்று அதன்மேல் பேனாவை ஓட்டிவிடாதீர்கள்.